தரையிலிருந்து எழச் சொன்ன டாக்டர்

என் அக்காள் மகனுக்கு அப்போது நான்கு வயது. ஓடினால் விழுவான், படியேறத் திணறுவான். கெண்டைக்கால் பருத்திருந்ததால் "பந்து விளையாடப் பிறந்தவன்" என்பார்கள் உறவினர்கள். "ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் தேறுவார்கள்" என்றார்கள் இரண்டு கிளினிக்குகளில்.

சளிக்காகப் போன அரசாங்க கிளினிக்கில்தான் ஓர் இளம் டாக்டர், "தம்பி, தரையில உட்கார்ந்து எழுந்திரு, பார்ப்போம்" என்றார். அவன் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்கால், தொடை என்று தன் கால்கள் மீதே கைவைத்து ஏறி நிமிர்ந்தான். 1879இல் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த அடையாளம் அது. 'சி.கே.' என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு மிக அதிகம். டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று மரபணுச் சோதனை உறுதிசெய்தது.

சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய், முழுதாகக் குணமாகாது. ஆனால், தக்க வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து பிள்ளை நடக்கும் காலத்தை நீட்டிக்கும். இதயத்தையும் நுரையீரலையும் முன்கூட்டியே கண்காணிக்கலாம். தாய்வழி வரக்கூடியது என்பதால், அக்காவுக்குப் பிறகு நானும் திருமணத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொண்டேன்.

உங்கள் மகன் தரையிலிருந்து எழும் விதம் மற்ற பிள்ளைகளைப்போல் இல்லையா? கைப்பேசியில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். "சி.கே. பார்த்துவிடலாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.