இறுக்கமும் இளக்கமும்

இருசில்லு உழவு இயந்திரத்தை நம் ஊர்களில் ‘லாண்ட்மாஸ்ரர்’ என்றே அழைப்பர். 1950களில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த ஒரு வகையின் பெயர் அது. பின்னர் யப்பானிய இயந்திரங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சிறு துண்டுகளாகப் பிரிந்த காணிகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது மிகப் பொருத்தமானது. உழவும் உழும், பெட்டி பூட்டினால் சுமையும் இழுக்கும்.

இத்தனை வலிமையும், நாம் ‘பெல்ற்’ என்று வழங்கும் இரண்டு மூன்று இரப்பர் வார்களை நம்பியே நிற்கின்றது. எஞ்சின் கப்பியின் சுழற்சியைப் பின்னாலுள்ள கப்பிக்குக் கொண்டு செல்பவை அவையே. மானாவாரி நெல் விதைப்போர் ஐப்பசி மழைக்கு முன்னர் நிலத்தைப் பண்படுத்த வேண்டும். ஓர் இயந்திரம் பலருடைய வயலுக்கும் சென்று வரும் அந்நாட்களில் வார் வழுக்கினால், காத்திருப்பது ஒரு குடும்பம் மட்டுமன்று.

வழுக்கும் வார் முன்னறிவித்தே வழுக்கும். எஞ்சின் இரையும், சில்லு தயங்கும். கீச்சென்ற ஒலியும் இரப்பர் கருகும் மணமும் எழும். உடனே, “இன்னும் இறுக்குங்கோ அண்ணை” என்பதே நம்மவர் சொல்லும் வைத்தியம். அங்கேதான் தவறு தொடங்குகின்றது. அளவுக்கு மீறி இறுக்கினால் வார் சூடேறித் தேயும். அச்சும் அதனைத் தாங்கும் பெயரிங்கும் கெடும். வாரின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவானது. கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போலப் பதிந்து பற்றுவதே அதன் இயல்பு. எனவே முறுக்கேறிய வீணைத் தந்திபோல அது நிற்கவேண்டியதில்லை.

முறை எளிது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மூடியைக் கழற்றுங்கள். எஞ்சினைத் தாங்கும் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, முன்னுள்ள திருகாணியால் எஞ்சினை நேராக முன்னுக்கு நகர்த்துங்கள். இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். வாரின் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழலாம். உங்கள் இயந்திரத்தின் கைநூல் வேறு அளவு கூறினால் அதுவே முடிவு. நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். புதிய வார்களை ஒன்றாகவே மாற்றவேண்டும். அவை சில மணிநேரம் ஓடியபின் சற்று நீளுமாதலால் மறுமுறையும் பார்ப்பது அவசியம்.

கைபிடியிலிருந்து கிளச்சுக்குச் செல்லும் கேபிளுக்கும் இதே நியாயந்தான். கைபிடியில் சிறிது இளக்கம் இருத்தல் வேண்டும். அது அறவே இல்லையெனில் கிளச் முழுமையாகப் பற்றாது. தகடுகள் உரசித் தேயும். இளக்கம் மிகுந்தாலோ, நிறுத்த நினைத்த இடத்தில் இயந்திரம் நில்லாது. வரம்பின் ஓரத்தில் பிள்ளைகள் நிற்கும்போது அது எத்தகைய ஆபத்து! சைக்கிள் பிறேக்கைச் சரிசெய்யத் தெரிந்த எந்த மாணவனும் பூட்டுநட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, மீண்டும் பூட்டிவிடுவான். கடற்காற்றால் துருவேறி இழை பிரிந்த கேபிளைத் திருத்த முயலாது மாற்றிவிடுவதே அறிவு. கேபிளுக்கு ஓரிரு துளி எண்ணெய் நன்று. வாரிலோ ஒரு துளியும் படலாகாது.

1990களின் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாகிய காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். அன்று ஒரு வாரைக் காப்பது ஒரு போகத்தைக் காப்பதாக இருந்தது. இன்று கடையிலே வார் கிடைக்கின்றது. ஆனால் அறுந்த விரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவசர வேலையில், ஓடும் இயந்திரத்தின் வாரைத் தொட்டுப் பார்ப்பவர்களை இன்றும் காண்கின்றேன். வீட்டிலுள்ளவர்கள் இதைக் கண்டால் தயங்காது குரல் கொடுங்கள். முதலில் எஞ்சின் ஓயட்டும். கை பிறகு போகட்டும்.