அய்யனார் வனத்துப் பச்சையும் அக்காளின் கேள்வியும்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே, மலையை நோக்கிச் செல்லும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் சென்றால் அருள்மிகு நீர்காத்த அய்யனார் திருக்கோவிலை அடையலாம். நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இவ்வழியில்தான் இருக்கிறது. தோப்புகள் முடியும் இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வனம் தொடங்கிவிடும். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இம்மலைக்காடுகள், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. ஆற்றைக் கடந்து ஐயனின் சந்நிதியில் நிற்கையில், கண் சென்ற திசையெல்லாம் பச்சையே நிறைந்திருக்கும்.

அங்கே சென்று வந்தவர்கள் "மனம் குளிர்ந்தது" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஐயனின் அருளும், நீரின் ஓசையும், காற்றும் அதற்குக் காரணங்கள். அந்தப் பச்சை நிறத்துக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

நிறம் மனத்தைத் தொடும் என்பதை நம் வழிபாடு நன்கு அறிந்திருக்கிறது. திருநீற்றின் வெண்மை, குங்குமத்தின் செம்மை, மஞ்சளின் பொலிவு ஆகியவை இல்லாமல் நமக்கு ஒரு நாளும் விடிவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்தில் அமரும் கிளியை நாள்தோறும் பசிய இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். சபரிமலைக்கு மாலையணிந்தவர்கள் கறுப்போ நீலமோ உடுத்தியவுடன், அவர்களின் பேச்சும் நடையும் அடங்கிவிடுவதைக் காண்கிறோம். ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரைகளுக்கு அடர்ந்த வண்ணம் பூசுவதும் காரணமின்றி அன்று. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கும் "காவல் இருக்கிறது" என்ற தைரியம் பிறக்கிறது.

மருத்துவ உலகமும் இதை ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் 23 பேர். செங்கற்சுவரைப் பார்த்திருந்தவர்கள் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளியான ஆய்வு இது. மரத்தில் நிறம் மட்டுமா இருக்கிறது, நிழலும் அசைவும் உயிரும் இருக்கின்றனவே என்று கேட்டால், அதுவும் நியாயமே.

இதையெல்லாம் வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட என் அக்காள், ஒரு நாள் என்னை மடக்கினார். அவருக்குப் பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய். யாரோ ஒருவர், பச்சைக் கண்ணாடி பாட்டிலில் நீர் நிரப்பி வெயிலில் வைத்து அருந்தினால் மாத்திரையே வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார். மாடியில் வரிசையாகப் பாட்டில்கள் நின்றன. மாத்திரைகள் அலமாரிக்குள் கிடந்தன. காலில் பட்ட சிறு காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. "அய்யனார் கோவில் பச்சையைப் பார்த்தால் மனசு அடங்குகிறது என்று நீதானே சொன்னாய். அந்தப் பச்சை என் பாட்டிலில் மட்டும் பொய்யாகிவிடுமா?" என்று கேட்டார்.

அக்காள் கேட்டது நேர்மையான கேள்வி. சிரித்துத் தள்ளிவிட முடியாது. மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் விரலை இழக்க நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரை மீண்டும் தொடங்கியது. காயம் மெல்ல ஆறியது.

அக்காளுக்கு நான் சொன்ன விடையை இங்கே எழுதுவது, அவரைப் போன்று இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால்தான்.

1873-இல் பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் தின்ஷா கடியாலி. வண்ணக் கண்ணாடிகள் பொருத்திய விளக்குப் பெட்டி ஒன்றைச் செய்து, அதன் ஒளி எந்த நோயையும் தீர்க்கும் என்று விற்றார். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் வேண்டியதில்லை என்பதும் அவரது போதனை. நம்பியவர்கள் துன்புற்றனர். 1947-இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. வண்ண சிகிச்சை என்ற பெயரில் இன்று சொல்லப்படுவனவற்றுள் பல, அந்தப் பழைய கூற்றுகளின் தொடர்ச்சியே.

ஆயினும் ஒளி நோயைத் தீர்ப்பதே இல்லை என்றும் சொல்லலாகாது. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த குழந்தையின் உடல் மஞ்சளித்தால் இன்றும் நீல விளக்கின் கீழ்க் கிடத்துகிறார்கள். இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் மேனியில் மஞ்சள் குறைந்திருப்பதைச் செவிலி ஒருவர் கவனித்ததில் தொடங்கியது அது. தோலின் அடியில் தேங்கிய பித்தநிறமியை நீல ஒளி மாற்றுகிறது. உடல் அதை எளிதில் வெளியேற்றிவிடுகிறது. எந்த ஒளி, எவ்வளவு நேரம், உடலில் என்ன நிகழ்கிறது என்பதெல்லாம் அளந்து அறியப்பட்டவை. பச்சைப் பாட்டிலில் வைத்த நீரோ, வெயிலிலிருந்து எடுத்த பின்னும் நீராகவே இருக்கிறது. கணையத்துக்கு அது எதையும் எடுத்துச் செல்வதில்லை.

வனத்தின் பச்சை அக்காளின் மனத்தை அடக்கியது உண்மை. மனம் அடங்கினால் உறக்கம் வரும். உறக்கம் வந்தால் மருந்தும் பத்தியமும் தவறாமல் நடக்கும். நிறம் செய்யும் உதவி அவ்வளவே. அது சிறிய உதவியும் அன்று.

முதியவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. வயது ஏற ஏற, கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியை மறைக்கத் தொடங்கும். அது சிறுகச் சிறுக நிகழ்வதால் நமக்குத் தெரிவதில்லை. அக்காளுக்குக் கண்புரை நீக்கிய பின், சுவாமி படத்தின் நீலத்தைப் பார்த்து, "புதிதாக வண்ணம் பூசினாயா?" என்று கேட்டார். படம் பழையதுதான். நிறங்கள் மங்குவதாகத் தோன்றினால் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

காலையில் சிறிது நேரம் வெளிச்சத்தில் அமருங்கள். இரவில் வெண்ணிற விளக்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். உறக்கத்துக்கு அது துணை. உடல் இடம் கொடுத்தால் அய்யனார் கோவிலுக்கும் சென்று வாருங்கள். மலையில் மழை பெய்தால் ஆற்றில் திடீரென வெள்ளம் வரும். வனத்துறையினர் தடுத்தால் மீற வேண்டாம். பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள்.

ஐயனின் திருநாமமே நீர்காத்த அய்யனார். நம் முன்னோர் ஏரிக்கரைதோறும் அய்யனாரைக் காவலுக்கு வைத்தார்கள். அப்படி வைத்ததால் கரையைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. மண் சுமந்து கரையை உயர்த்தினார்கள், மடையைச் செப்பனிட்டார்கள், பின்பு ஐயனுக்குப் பொங்கலிட்டு வணங்கினார்கள். இந்த உடலும் ஓர் ஏரிதான். கரையைக் காப்பது நம் கடமை; காவலுக்கு ஐயன் இருக்கிறான். அக்காள் இப்போது மாத்திரையை எடுத்துக்கொண்ட பிறகே திருநீறு இட்டுக்கொள்கிறார்.