வாசல் வரை வந்த கூட்டம்

96ஆம் எண் டிராமில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. மெல்பர்ன் நகரத்து டிராம்களில் நீளமான வகை அது. 210 பேர் ஏறலாம் என்பது கணக்கு; அன்று காலை அந்தக் கணக்கை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் மூக்குக்கு நேராக ஒரு சிவப்பு முதுகு, அதில் முன்னங்கால் தூக்கிய கறுப்புக் குதிரை. இடப்பக்கம் ஓர் ஆரஞ்சுத் தொப்பி. வலப்பக்கம் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு எட்டு வயதுப் பையன். கார் சத்தத்துக்காக வாங்கிய பெரிய காதுமூடி அவன் கழுத்தில் மாலைபோலத் தொங்கியது. தலைக்கு மேலே ஒரே கைப்பிடி வாரில் மூன்று கைகள். யாரோ இருமினார். பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ தொடங்கி இரண்டாம் நாள். ஃபார்முலா ஒன் கார்கள் பயிற்சிக்காகத் தடத்தில் இறங்க வேண்டியது பகல் 12 மணிக்கு. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

டிராமில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிற்று. ஐந்து நாள் முன்புதான் இதே ஊரின் எம்.சி.ஜி. மைதானத்தில் பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்து, இந்தியா தோற்றது. பார்க்க வந்தவர்கள் 86,174 பேர். அவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருப்பதாக முந்தைய நாள் செய்தி வந்திருந்தது. வடக்கு ஸ்டாண்டில் N42 பகுதியில் உட்கார்ந்திருந்தாராம். ஆரஞ்சுத் தொப்பிக்காரர் நண்பரிடம், "நாம் எதிர்ப்பக்கம்தானே இருந்தோம்?" என்று கேட்டார். நண்பர் தலையாட்டினார். இருவர் முகத்திலும் பரீட்சையில் தப்பித்த நிம்மதி.

ஆல்பர்ட் பார்க் மற்ற நாள்களில் ஒரு பூங்கா. நடுவில் ஏரி, ஏரியில் கருப்பு அன்னங்கள், கரையைச் சுற்றி நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள். 1996 முதல் ஆண்டுக்கொரு முறை அந்தச் சாலையே 5.3 கிலோமீட்டர் பந்தயத் தடமாகிவிடும். கான்கிரீட் தடுப்பும் கம்பி வேலியும் இரும்புப் படிக்கட்டு இருக்கைகளும் முளைக்கும். முந்தைய ஆண்டு நான்கு நாளில் மூன்று லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். நம் ஊர்த் தேர்த்திருவிழாபோலத்தான். தேர் மட்டும் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் ஓடும்.

கேட் மூடியிருந்தது.

அதன் முன்னே வரிசை. முதலில் வரிசை, பிறகு கும்பல். வந்த டிராம்கள் இறக்கிவிட்டுப் போக, பின்னால் இருந்தவர்கள் என்ன ஏதென்று பார்க்க முன்னால் நகர, முன்னால் இருந்தவர்கள் வேலியோடு ஒட்டினார்கள். வேலியோரம் சின்ன மேசை. அதன்மேல் கை கழுவும் திரவப் பாட்டில். ஓர் அம்மாள் வந்து அழுத்தினார், காற்றுதான் வந்தது. அடுத்து வந்தவரும் அழுத்தினார். நான் பார்த்தவரை பதினோரு பேர் அந்தக் காலிப் பாட்டிலின் தலையை அழுத்திவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டே போனார்கள்.

மேலே மூடியில்லாத வானம், பக்கத்தில் ஏரி, மரங்கள், காற்று. திறந்தவெளிதானே, என்ன ஆகிவிடும் என்பதுதான் பல வாரங்களாகப் பலரும் சொன்ன சமாதானம். அந்தச் சமாதானத்தில் பொய்யில்லை. காற்றோட்டத்தில் கிருமி நீர்த்துப் போகும். ஆனால் வேலியோரம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிந்தது. இங்கே வெளி நிறைய இருந்தது, இடைவெளிதான் இல்லை. பக்கத்தில் நிற்பவர் காதில் விழ வேண்டுமென்று எல்லோரும் கத்திப் பேசினார்கள். ஒரே கைப்பேசித் திரைமீது நாலு தலைகள் குனிந்தன.

திரையில் வந்ததெல்லாம் வதந்தி, பாதி வதந்தி, முழுச் செய்தி என்று கலந்துகட்டி வந்தது. மெக்லாரன் அணியில் ஒருவருக்குத் தொற்று; அணி முந்தைய இரவே பந்தயத்திலிருந்து விலகிவிட்டது. இது உறுதி. பந்தயமே ரத்து என்று விடிவதற்கு முன்பே சில செய்தியாளர்கள் எழுதிவிட்டார்கள். அமைப்பாளர்கள் வாய் திறக்கவில்லை. ஓட்டுநர்கள் வெட்டலும் ராய்க்கோனனும் அதிகாலை விமானம் ஏறிவிட்டார்கள் என்றார் ஒருவர். "ஓட்டுகிறவன் போய்விட்டான், நாம் யாரைப் பார்க்க நிற்கிறோம்?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, வரிசையை விட்டு நகரவில்லை.

முந்தைய நாள் வியாழக்கிழமை கேட் திறந்துதான் இருந்தது. துணைப் பந்தயக் கார்கள் ஓடின, ஜனங்கள் வந்தார்கள், பீர் விற்றது. ஓட்டுநர்கள் ரசிகர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நடந்தார்கள். ஆறு முறை உலகப் பட்டம் வென்ற லூயிஸ் ஹாமில்டனிடம், இந்த நிலையில் பந்தயம் ஏன் நடக்கிறது என்று கேட்டார்கள். இங்கே இருப்பதே தனக்கு வியப்பாக இருக்கிறது என்று சொல்லியிருந்த அவர், அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னார்: பணமே ராஜா. அந்த வரி உலகமெல்லாம் சுற்றியது. ஆனாலும் மறுநாள் காலை கேட்டின் முன்னால் கூட்டம் நின்றது. "நடக்காது" என்று அதிகாரமுள்ள யாரும் சொல்லவில்லையே.

ஏன் சொல்லவில்லை என்று வரிசையில் ஒரு பெரியவர் விளக்கினார். உரிமம் வைத்திருக்கிற கம்பெனி, உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு, உள்ளூர் அமைப்பாளர், மாநில அரசு, பத்து அணிகள். முதலில் "வேண்டாம்" என்பவர் தலையில்தான் நஷ்டம் விடியும். அதனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டுப் பெரியவர் தெர்மாஸ் குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். மூடிதான் கோப்பை. இரண்டு வாய் குடித்துவிட்டு, பக்கத்து நண்பரிடம் நீட்டினார். நண்பர் ஒரு கணம் கோப்பையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். எத்தனை ஆண்டுப் பழக்கமோ.

காலையில் மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ், பந்தயமே நடந்தாலும் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை என்றார். பத்து மணி தாண்டிய சில நிமிடங்களில் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது: ரத்து. கார்கள் தடத்தில் இறங்க இரண்டு மணி நேரம்கூட இல்லை. கூச்சல் எழுந்தது. சிலர் கேலியாகக் கைதட்டினார்கள். சிவப்புச் சட்டைக்காரர் வேலியை ஒரு குத்து விட்டார். கம்பி அதிர்ந்து நின்றது. பையன் கழுத்தில் கிடந்த காதுமூடியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். அப்பா டிக்கெட் அட்டையை அவன் கழுத்திலிருந்து கழற்றப் போனார். அவன் விடவில்லை.

கேட்டுக்கு உட்பக்கம் பளிச்சென்ற மஞ்சள் சட்டையில் காவல் வேலைக்கு வந்த இளைஞர்கள் நின்றிருந்தார்கள். பல பேர் மாணவர்கள். பகுதி நேரமாக இப்படி ஷிஃப்ட் பார்த்துத்தான் வாடகை கட்டுகிறவர்கள். அதில் ஒருவன் ஓரமாக ஒதுங்கி ஃபோனை எடுத்தான்.

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்... வேலையிலதான் இருக்கேன். இன்னைக்கு சீக்கிரம் முடிஞ்சிடும்போல... இல்ல, நாளைக்கும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமையும் இல்ல."

மெல்பர்னில் மணி பத்தரை என்றால் நம் ஊரில் விடியற்காலை ஐந்து. வெள்ளிக்கிழமை வேறு. வாசல் தெளிக்க எழுந்த அம்மாவின் கையில் அந்த ஃபோன் அடித்திருக்கும். "அதெல்லாம் இங்க அவ்வளவா இல்லம்மா, பயப்படாத" என்று அவன் சொன்னபோது, கையில் பிடித்திருந்த கம்பி வேலியின் மறுபக்கத்தில் நூறு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அம்மாவிடம் சொன்ன பொய்க்கு ஒரு சாட்சி இருப்பது அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும். பேசாமல் நகர்ந்தேன்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. அடுத்து வரவிருந்த பஹ்ரைன், வியட்நாம் பந்தயங்கள் அன்றைக்கே தள்ளிவைக்கப்பட்டன. ஹனோயில் போட்ட தடத்தில் இன்றுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கவில்லை. நாலு மாதம் கழித்து, ஜூலை 5ஆம் தேதி ஆஸ்திரியாவில் பருவம் தொடங்கியது, இருக்கைகள் காலி. அடுத்த வாரம் அதே தடத்தில் வென்றவர்களுக்குக் கோப்பையைக் கொண்டுவந்தவை சிறு இயந்திர வண்டிகள். ஆளை ஆள் நெருங்காமல், ஓயாமல் பரிசோதனை செய்தும் ஓட்டுநர் செர்ஜியோ பெரஸ் தொற்றால் இரண்டு பந்தயங்களை விட்டார்; டிசம்பரில் ஹாமில்டனும் ஒன்றை விட்டார். 2021 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பந்தய நாளன்று மட்டும் சுமார் 1,40,000 பேரை உள்ளே விட்டார்கள், தடுப்பூசிச் சான்றோ பரிசோதனைச் சான்றோ காட்டினால். மெல்பர்னில் அந்த ஆண்டும் பந்தயம் இல்லை. 2022 ஏப்ரலில் கேட் திறந்தபோது நான்கு நாளில் நாலு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள்.

ஆக, பெருந்தொற்றுக் காலத்தில் திறந்தவெளிப் பந்தயம் நடத்த முடியுமா என்று கேட்டால், ஆளில்லாமலும் நடத்தினார்கள், ஆளைச் சேர்த்தும் நடத்தினார்கள், நடத்தாமலும் இருந்தார்கள். மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். இந்த மூன்றிலும் சேராதது அந்த மார்ச் காலை மட்டும்தான். ஊரைக் கூப்பிட்டு வாசல் வரை நிறுத்திவிட்டு, அங்கே வைத்து யோசித்தார்கள். வேலிக்கு உள்ளே பந்தயம் நடக்கவில்லை. வேலிக்கு வெளியே விழா நடந்து முடிந்திருந்தது.

திரும்பும்போது வந்ததைவிட நெருக்கடி. வரும்போது காலை முழுக்கப் பிரிந்து பிரிந்து வந்த கூட்டம், இப்போது ஒரே நேரத்தில் ஏறியது. கதவு இரண்டு முறை மூட முயன்று, மூன்றாம் முறை மூடியது. சிவப்புச் சட்டைக்காரர் அதே வாரைப் பிடித்திருந்தார். பையன் காதுமூடியைக் கழற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேலி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் ஒரு நிறுத்தத்தில், பந்தயத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பாட்டி ஏறினார். கடைகளில் அந்த வாரம் கழிப்பறைக் காகிதம் தட்டுப்பாடு. ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். எங்கேயோ வரிசையில் நின்று வாங்கிய கட்டை இரு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். பிடித்துக்கொள்ளக் கை இல்லை. ஆரஞ்சுத் தொப்பிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். பாட்டி உட்கார்ந்து, கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற தொப்பிகளையும் கொடிகளையும் ஏறிட்டுப் பார்த்தார்.

"பந்தயம் அதற்குள் முடிந்துவிட்டதா? யார் ஜெயித்தது?"

யாரும் பதில் சொல்லவில்லை. பின்னால் யாரோ இருமினார். இந்த முறை பேச்சு நின்றது நின்றதுதான்.