மூன்று அடித் தண்ணீர்

கார் வைத்திருப்பவர்களைப் பற்றிக் கார் இல்லாதவர்கள் பேசுவதில் பாதிக்கு மேல் பொறாமைதான் என்று சொல்வார்கள். என் விஷயத்தில் அது உண்மையல்ல. எனக்கு இருந்தது வேறொன்று. அது என்னவென்று எனக்கே வெகுநாள் தெரியவில்லை. தெரிந்துகொண்ட கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் பெரியம்மாவின் பிள்ளை எனக்கு எட்டு வயது மூத்தவர். கிண்டியில் சிறியதாக ஒரு தொழிற்சாலை வைத்திருக்கிறார். சட்டைக் காலர் நைந்து போனால் அதைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்கிற வம்சத்தில் வந்தவர். அப்பேர்ப்பட்ட அண்ணா, 2024ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து லாண்ட் ரோவர் டிஃபெண்டர் வண்டி ஒன்றை வாங்கினார். சாலையில் இறங்கும்போது அதன் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது.

பூஜை போடுவதற்காக வண்டியை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தார். கபாலீசுவரர் கோவிலுக்குப் போய்விட்டு, தம்பியிடம் காட்ட வேண்டும் என்று எங்கள் தெருவுக்குள்ளும் திருப்பினார். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு டன்னுக்கு மேல் எடை. எங்கள் தெருவோ, இரண்டு மாமிகள் எதிரும் புதிருமாக நின்று பேசினால் போக்குவரத்து நின்றுபோகிற தெரு. எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துவிட்டது. தண்ணீர் லாரிக்கு எல்லாரும் வழிவிடுவதுதான் அதுவரை எங்கள் தெரு வழக்கம். அன்று லாரி பின்னால் போயிற்று.

தெருமுனையில் பூக்கட்டுகிற அம்மாள் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது வூட்டுக்கா சாமி, ஊர்வலத்துக்கா?" என்று கேட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணாவும் சிரித்தார்.

அன்று மாலை அண்ணா எனக்கு வண்டியின் வரலாற்றைச் சொன்னார். 1947இல், வேல்ஸ் பக்கத்தில் ஆங்கிள்சீ என்ற தீவின் கடற்கரையில், ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் என்ற பொறியாளர் மணலில் படமாக வரைந்து காட்டியதுதான் இதன் பிறப்பாம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் வண்டியைக் காட்டினார்கள். யுத்தம் முடிந்து இரும்புக்குப் பஞ்சமாக இருந்த காலம். ஆகவே உடம்பை அலுமினியத் தகட்டில் செய்தார்கள். குடியானவன் வயலுக்கு ஓட்டிப் போகவும், மூட்டை ஏற்றவும், சேற்றில் இழுக்கவும் செய்யப்பட்ட வண்டி அது. 2008இல் டாடா அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. பழைய டிஃபெண்டரை 2016 ஜனவரியோடு நிறுத்திவிட்டு, 2019இல் புதியதை வெளியிட்டார்கள். அது ஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டுக் கப்பலேறி வருகிறது. 2024 செப்டம்பரில் நம் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலேயே டாடாவின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்பது பிற்பாடு நடந்த சங்கதி. குடியானவனுக்காகப் பிறந்த வண்டி குடியானவன் கிட்டே நெருங்க முடியாத விலைக்குப் போனதைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அண்ணா அதைக் கவனிக்கவில்லை.

"இதுல டீசல் இன்ஜின்தாண்டா. ஆனா கூடவே கொஞ்சம் மின்சாரமும் உண்டு. மைல்ட் ஹைப்ரிட்னு பேர்" என்றார்.

"அப்படியானால் மின்சாரத்திலேயே ஓடுமோ?"

"ஓடாது. கை கொடுக்கும்."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எந்த வண்டியும் வேகம் குறையும். அப்படிக் குறைகிறபோது வீணாய்ப் போகிற சக்தியை, இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்த ஒரு மோட்டார் மின்சாரமாக்கி, 48 வோல்ட் பாட்டரியில் சேர்த்து வைக்கிறது. மறுபடி கிளம்பும்போது அதே மோட்டார் அந்தச் சேமிப்பை எடுத்து இன்ஜினுக்கு ஒரு தள்ளுத் தள்ளுகிறது. பங்குனித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வடத்தைப் பிடித்து ஊரே இழுத்தாலும், நின்ற தேர் கிளம்புவதற்குச் சக்கரத்தின் பின்னால் உலுக்கு மரம் போட வேண்டும். உலுக்கு மரத்தால் தேரை வீதி சுற்றி இழுத்துவர முடியாது. ஆனால் நின்றதைக் கிளப்பும். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் போவதற்குள் நாற்பது தடவை நிற்க வேண்டியிருக்கிற நமக்கு இது உபயோகமான யோசனைதான்.

தியாகராய நகர் என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணாவின் பெண்ணுக்குப் புடவை எடுக்கப் பெரியம்மாவையும் மன்னியையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் புறப்பட்டோம். உஸ்மான் ரோடு நெருக்கடியில் மலை ஏறுகிற வண்டி எறும்பாக ஊர்ந்தது. நிறுத்த இடம் தேடி முக்கால் மணி சுற்றி, கடைசியில் வெகு தூரத்தில் ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து கடைக்கு ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர் எழுபது ரூபாய் கேட்டார். ஒரு கோடி ரூபாய் வண்டியிலிருந்து இறங்கிய அண்ணா ஐம்பதுக்குப் பேரம் பேசினார். வம்சகுணம் எங்கே போகும்?

இந்தக் கதையை நான் ஊரெல்லாம் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். கூட்டத்தில் பேசக் கூப்பிட்ட இடத்தில் மேடையேறிச் சொன்னேன். ஜனங்கள் நன்றாகச் சிரித்தார்கள். எனக்கும் அதில் ஒரு விதத் திருப்தி இருந்தது. அந்தத் திருப்தி ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நாள் அண்ணாவிடமே கேட்டுவிட்டேன். "நமக்கு எதுக்கண்ணா இந்த யானை? எந்த மலைக்குப் போகப் போறே?"

"மலைக்கு இல்லைடா" என்றார் அவர். "இது தொள்ளாயிரம் மில்லிமீட்டர் ஆழத்துல போகும். கிட்டத்தட்ட மூணு அடித் தண்ணி."

நான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

2015 டிசம்பர் முதல் தேதியைச் சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அடையாறு கரை புரண்டது. அப்போது அண்ணா குடும்பம் கோட்டூர்புரத்தில் தரைத் தளத்தில் இருந்தது. அன்று இரவு பெரியப்பாவுக்கு மார்பு வலி கண்டது. அண்ணாவின் சின்னக் கார் தெரு தாண்டுவதற்குள் தண்ணீரில் நின்றுவிட்டது. பெரியப்பாவைக் கைத்தாங்கலாக மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு அண்ணா எனக்குப் போன் செய்தார். அப்போது மணி பத்து. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் உயரமான வேன் வைத்திருந்தார். அவரை அழைத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.

"கொட்டறதே அண்ணா. இந்த ராத்திரியில யார் வருவா? காலையில முதல் காரியமா அழைச்சுண்டு வரேன்" என்றேன் நான்.

அதற்குப் பிறகு போன்கள் செத்துப்போயின.

காலையில் நானும் வேன்காரரும் கோட்டூர்புரம் பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. அப்பால் தெருவுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசமே இல்லை. அண்ணாவும் அக்கம்பக்கத்தார் மூவரும் கூடத்து ஊஞ்சல் பலகையைக் கழற்றி, அதில் பெரியப்பாவைப் படுக்கவைத்து, மார்பளவு தண்ணீரில் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி சேரும்போது உச்சிப்போது. நான்காம் நாள் பெரியப்பா போய்விட்டார்.

அண்ணா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் காரியங்களில் கலந்துகொண்டோம், பண்டிகைகளுக்குப் போய்வந்தோம். அண்ணா கோட்டூர்புரத்தை விட்டு அடையாறு காந்தி நகரில் இரண்டாம் மாடிக்குக் குடிபோனார். ஊஞ்சல் பலகையும் கூடவே போயிற்று. ஆனால் அதை மாட்டவில்லை. இன்றைக்கும் கார் நிறுத்துமிடத்தில் சுவரோரமாகத் துணி சுற்றிச் சாத்தி வைத்திருக்கிறது.

2024 அக்டோபர் 15ஆம் தேதி பகலெல்லாம் மழை. மறுநாளைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களையெல்லாம் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? பட்டவர்களுக்குத்தான் தெரியும். 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரைக் கட்டினோம். அந்த ஏரியின் ஞாபகம் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயரில் மட்டும் இருக்கிறது. நாம் மறந்தாலும் தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அண்ணா போன் செய்தார். "இன்னிக்கு இங்கே வந்து படுத்துக்கறயா?" என்றார். அவ்வளவுதான்.

ஆட்டோ பிடித்து உடனே போனேன்.

ஊரார் கார்களை மேட்டில் ஏற்றியிருந்தார்கள் அல்லவா? அண்ணா தம் வண்டியைத் தெருவில், முகப்பு மெயின் ரோடைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார். டாங்க் நிறைய டீசல். பின்னால் கம்பளி, டார்ச், மருந்துப் பெட்டி. நாங்கள் இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். சாவி அவர் மடியில் இருந்தது. பன்னிரண்டு அடித்தது, இரண்டு அடித்தது. மழை குறைந்துகொண்டே வந்தது. மண்டலம் வடக்கே நகர்கிறது என்று செய்தி வந்தது. அண்ணா அப்படியும் எழுந்திருக்கவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் கழித்து அவரிடம் அந்த வண்டி வந்து சேர்ந்திருந்தது.

"பத்து மணிக்கு மூணு அடிதாண்டா இருந்தது. அதுக்கப்புறந்தான் ஏறித்து" என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது போல.

எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அண்ணா, அன்னிக்கு நான் அந்த வேன்காரரைக் கேக்கவே இல்லை. நாப்பது அடி நடந்து போய்க் கதவைத் தட்டலை" என்று சொல்லிவிட்டேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை.

"தெரியும்" என்றார் பிறகு. "பத்தாம் நாள் காரியத்துக்கு வந்தப்போ அவரே சொன்னார். ராத்திரியே கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே சார்னு."

ஒன்பது வருஷமாகத் தெரியும்! அந்த ஒன்பது வருஷமும் என் வீட்டுக்கு மாவடு அனுப்பியிருக்கிறார். நான் மேடையேறி அவருடைய வண்டியைப் பற்றிச் சொன்ன கதைக்குச் சிரித்திருக்கிறார். அந்த வண்டி எனக்கு ஏன் அத்தனை வேடிக்கையாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அதைக் கண்டு சிரிக்காவிட்டால் நான் வேறு ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும்.

"அவர் வந்திருந்தாலும் தாண்டியிருப்பாரோ என்னமோ" என்றார் அண்ணா. "யாருக்குத் தெரியும்? விடு."

விடிந்தது. தெருவில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பெரியம்மா காப்பி கொண்டுவந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு எட்டித் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"அவர் இருந்தா இதுல ஏறியே இருக்க மாட்டார்டா" என்றாள். "முட்டி வலிக்காரர். இவ்வளவு உசரம் என்னத்துக்கும்பார்."

அண்ணா அவளையே பார்த்தார். பிறகு சாவியை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எட்டு மணிக்கு என்னை மயிலாப்பூரில் கொண்டுவிட்டார். திரு.வி.க. பாலத்தின்மேல் போகும்போது இருவரும் ஆற்றைப் பார்த்தோம். கலங்கிய தண்ணீர் கரைக்குள் அடங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்ப வேண்டாம் என்று முனையிலேயே நிறுத்தச் சொன்னேன். ஏறி இறங்குகிறவர்களுக்காக அந்த வண்டி ஐம்பது மில்லிமீட்டர் தாழ்ந்து கொடுக்கும். கொடுத்தது. இறங்கினேன்.

"மழைன்னா கூப்பிடறேன்" என்றார்.

"கூப்பிடு அண்ணா" என்றேன்.