படுவான்கரை வீதியில் ஒரு நாள்

மட்டக்களப்பு நகரிலிருந்து மேற்கே புறப்பட்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. வாவிக்குக் கிழக்கே, கடலை அண்டிய ஊர்களை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடக்கும் ஊர்களைப் படுவான்கரை என்றும் எமது மூத்தோர் அழைத்தனர். சூரியன் எழும் கரை அது, சூரியன் படும் கரை இது. இந்தப் பெயர்களுக்குள் வீதிப் பாதுகாப்பு பற்றிய ஒரு பாடமும் இருக்கின்றது என்பதை, இங்குள்ள ஒரு அக்கா சொல்லித்தான் நான் அறிந்துகொண்டேன்.

கடந்த பல வருடங்களாகக் கிராமத்துப் பெண்களைச் சந்திப்பதற்காக வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மோட்டார் சைக்கிளில் இப்பாலத்தைக் கடந்து செல்கின்றேன். இம்முறை நான் சென்றது பெரும்போக அறுவடைக் காலம். காலை ஏழு மணிக்குப் பாலத்தின் மேல் காற்று குளிராகவே வீசியது. எதிரே நகரை நோக்கி வருவோரின் கூட்டம். பால் கான்களைக் கட்டிய சைக்கிள்கள், மரக்கறி மூட்டைகள், பாடசாலைப் பிள்ளைகள், தாயின் பின்னால் இருந்துகொண்டே தூங்கி விழும் ஒரு சிறுவன்.

இந்த வீதியைப் பயத்தோடு மட்டுமே நினைத்த காலம் ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் வவுணதீவுதான் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையிலான வாசல். சோதனைச் சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, பைகளைத் திறந்து காட்டிவிட்டே அப்பால் போகலாம். 2007 மார்ச் மாதத்தில் படுவான்கரை மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பெருந்தொகையாக எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தனர். அன்று வீதியில் மரணம் என்றால் அது கண்ணிவெடி, ஷெல், துப்பாக்கிச் சூடு என்றே இருந்தது. இன்று வீதிகள் திருத்தப்பட்டுள்ளன. ஆனால் வீதி நன்றாக அமைந்ததும் வேகமும் கூடிவிட்டது. யுத்தத்தில் கணவனையோ மகனையோ இழந்த ஒரு வீட்டில், மிஞ்சியிருப்பவரையும் வீதி விபத்து கொண்டு போனால், அந்த வீட்டின் நிலை என்ன? இந்தக் கேள்வியோடுதான் இப்பயணத்தை எழுதுகின்றேன்.

முதுகில் வெயில், முகத்தில் வெயில்

அன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம், ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில். இருபது பேர் வரையில் வந்திருந்தனர். பேச்சு கடன், நெல் விலை, யானை என்று போய்க்கொண்டிருக்கையில், ஊன்றுகோலோடு வந்து மூலையில் அமர்ந்திருந்த ஒரு அக்கா சொன்னார்:

"மிஸ், நீங்க காலையில இஞ்சால வரக்குள்ள வெயில் உங்கட முதுகில. பின்னேரம் திரும்பிப் போகக்குள்ளயும் முதுகில. எங்களுக்கு டவுனுக்குப் போகக்குள்ளயும் முகத்தில, வரக்குள்ளயும் முகத்தில."

எத்தனையோ நாட்கள் இவ்வீதியால் போய் வந்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. படுவான்கரையிலிருந்து காலையில் கிழக்கே போகின்றவர் எழும் சூரியனைப் பார்த்தபடி போகின்றார். மாலையில் மேற்கே திரும்புகையில் படும் சூரியனைப் பார்த்தபடி வருகின்றார். இரு நேரமும் கண் கூசுகின்றது. முன்னே சைக்கிள் போகின்றதா, பிள்ளை வீதியைக் கடக்கின்றதா என்பது கடைசி நேரத்தில்தான் தெரிகின்றது.

அந்த அக்காவின் கணவர் யுத்த காலத்தில் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் மரக்கறி கொண்டுபோய் விற்றே வளர்த்தவர். ஒரு நாள் பின்னேரம் வெறும் கூடையோடு வீடு திரும்புகையில் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மோதியது. ஓட்டியவர் நிற்கவில்லை. அக்காவின் கால் இரண்டு இடங்களில் முறிந்தது. நாலு மாதங்கள் வருமானம் இல்லை. மகள் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனாள்.

"பொலிஸில் சொன்னீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்தப் பக்கம் போகப் பயம் மிஸ். அவரைத் தேடி ஏறி இறங்கின காலத்தில இருந்து அப்பிடித்தான்."

அறையில் யாரும் பேசவில்லை. அவர் சொன்னதன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்திற்கு அவர் கொடுத்த விலை பெரிது. மோதிவிட்டுத் தப்பியோடும் வாகனத்தினால் பாதிக்கப்பட்டோருக்கு, வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை ஊடாக நட்டஈடு கோருவதற்கு எமது நாட்டில் ஏற்பாடு உண்டு. மோதிய வாகனம் தெரிந்தால், சட்டப்படி ஒவ்வொரு வாகனத்திற்கும் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் மூலம் கோரிக்கை விடலாம். எதற்கும் முதற்படி பொலிஸ் முறைப்பாடு. அக்காவிடம் அது இருக்கவில்லை.

ஆகவே, சகோதரிகளே, விபத்து நடந்தால் முறைப்பாடு செய்யுங்கள். தனியே போகத் தயக்கமாயின் சங்கத்திலிருந்து இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் வைத்தியசாலைத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். "சமாதானமாகப் போவோம்" என்று யாராவது ஆயிரம் இரண்டாயிரம் ரூபாவோடு வந்து கையெழுத்துக் கேட்டால், வாசித்து விளங்காமல் ஒப்பமிட வேண்டாம்.

நெல் காயும் வீதி

கூட்டம் முடிந்து ஆயித்தியமலைப் பக்கமாகப் புறப்பட்டேன். வழியெங்கும் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தனர். களமில்லாத ஏழைக்குத் தார் வீதியே களம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பரவிய நெல்லின் மேல் சில்லு ஏறினால், அது மணலில் ஏறியது போலத்தான், பிரேக் பிடித்தவுடன் வழுக்கும். இதை நான் விழுந்தே படித்தேன். சில வருடங்களுக்கு முன் இதே போன்றொரு வீதியில், எதிரே வந்த டிப்பருக்கு வழிவிட நெல்லின் மேல் ஏற்றி, பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். முழங்கையும் முழங்காலும் உரிந்தன. தலை தாரில் அடித்தது. உடைந்தது தலைக்கவசம் மட்டுமே. அன்று காலை, "கிட்டத்தானே போறன்" என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டு, படலை வரை போய்த் திரும்பி வந்து எடுத்தவள் நான். அந்தப் பத்தடி நடைதான் இன்று இதை எழுத வைக்கின்றது.

நெல் காயப்போடுவோர் வளைவிலும் பாலத்தடியிலும் போடாதிருக்க வேண்டும். நெல்லுக்குக் காவலாகக் கல்லையும் மரக்கட்டையையும் வைத்துவிட்டு, இருட்டியபின் அவற்றை எடுக்க மறப்பதே பெரிய ஆபத்து. ஓட்டுவோர் நெல்லைக் கண்டதும் முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் ஏறாமல், எதிர் வாகனம் போகும் வரை நின்று செல்ல வேண்டும்.

தலைக்கவசம் பற்றி ஆய்வுகள் சொல்வது இதுதான்: சரியாக அணிந்தால் தலைக்காயம் ஏற்படும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகின்றது. "சரியாக" என்றால் தாடைப் பட்டியைப் பூட்டி. பட்டி பூட்டாத கவசம் விழுமுன்பே கழன்று ஓடிவிடும். எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பின்னால் இருப்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். எமது ஊர்களில் தகப்பன் தலையில் கவசம், தாய் தலையில் கவசம், நடுவில் நசுங்கி இருக்கும் பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லை என்ற காட்சியை நாளாந்தம் காண்கின்றோம். பிள்ளையின் மண்டையோடு எங்களுடையதை விட மெல்லியது. ஒரு மோட்டார் சைக்கிளில் இருவர்தான் போகலாம் என்பதும் சட்டமே.

சேலையும் சோலும் கூட எமக்குப் பகையாகலாம். தலைப்பு பின் சில்லிலோ சங்கிலியிலோ சிக்கினால் ஆளையே இழுத்து வீழ்த்தும். ஏறுமுன் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள். பின்னால் இருப்பவர் முடியுமானவரை இரு பக்கமும் கால் போட்டு அமருங்கள்.

மிசின் பெட்டியில் போகும் பெண்கள்

பாவற்கொடிச்சேனைப் பக்கமாகப் போகையில், உழவு இயந்திரப் பெட்டியில் பதினைந்து பெண்கள் வரையில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர். சிலர் பெட்டியின் விளிம்பில், சிலர் இணைப்புக் கம்பியின் மேல். எனக்குக் கைகாட்டிச் சிரித்தார்கள். கூலி வேலைக்குப் போக வேறு வாகனம் இல்லாதவர்களிடம் "ஏறாதீர்கள்" என்று சொல்வது இலகு. ஆனால் இவ்வளவாவது செய்யலாம்: விளிம்பிலும் இணைப்புக் கம்பியிலும் இருக்காமல் பெட்டியின் தரையில் அமரலாம். பெட்டியின் பின்புறத்தில் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டும்படி முதலாளியிடம் கேட்கலாம். இருட்டியபின் பின் விளக்கு இல்லாத பெட்டியில் பயணிப்பதில்லை என்று சங்கமாக முடிவெடுக்கலாம். ஒருவர் சொன்னால் வேலை போகும். பதினைந்து பேரும் சேர்ந்து சொன்னால் முதலாளி விளக்குப் போடுவார்.

வெள்ள காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2024 நவம்பர் மாதக் கடைசியில் அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் உட்படப் பல உயிர்கள் பறிபோயின. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, ஆகவே தாண்டிவிடும் என்ற நம்பிக்கையே அங்கு எமனானது. முழங்காலளவு நீரும் பாய்கையில் ஆளைப் புரட்டும். மார்கழி மழைக்கு எமது வீதிகளிலும் வாவி ஏறும். வீதியின் ஓரம் தெரியாத நீரைக் கடக்க வேண்டாம். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் உழைக்கலாம்.

பஸ்ஸில் போனாலும் நாம் வெறும் சாமான் அல்லர். 2023 ஜூலை 9ஆம் திகதி இரவு, பொலன்னறுவை - மட்டக்களப்பு வீதியில் மன்னம்பிட்டியில் ஒரு பஸ் பாலத்தில் மோதி ஆற்றுக்குள் விழுந்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாரதி மிகை வேகத்தில் ஓட்டினால், கைத்தொலைபேசியில் பேசினால், "தம்பி, மெதுவாப் போங்க, பிள்ளைகள் இருக்கிது" என்று சொல்ல எமக்கு உரிமை உண்டு. ஒரு பெண் வாய் திறந்தால் பின்னால் நாலு குரல் வரும் என்பதை நான் கண்டிருக்கின்றேன்.

குடித்தவர் பின்னால் ஏறுவதா?

இதைத்தான் கூட்டத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டனர். "கலியாண வீட்டுக்குப் போய் மனிசன் குடிச்சிட்டார். ஏறாட்டி அதுக்கும் அடி. என்ன செய்யிற மிஸ்?"

எமது சட்டப்படி 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். ஆனால் இரவு பத்து மணிக்குக் கையில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்குச் சட்டப் புத்தகம் உதவாது. பெண்களே தமக்குள் பேசிச் சில வழிகளைக் கண்டனர். கொண்டாட்டத்திற்குப் போகையிலேயே திரும்பும் ஓட்டோவைப் பேசி வைப்பது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவது. "பிள்ளைக்குச் சுகமில்லை, இஞ்சயே படுக்கிறம்" என்று சொந்தக்கார வீட்டில் தங்கிவிடுவது. ஒரு வயதான அம்மா சொன்னார்: "புள்ள, வண்டிய நீ ஓடப் படி. அதுதான் வழி." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது பகிடியல்ல. முறையாகப் பழகி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒரு பெண், வீட்டில் ஒரு உயிர்க்காப்பு.

இருட்டுமுன்

உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் தளம்பிக்கொண்டிருந்தது. அதன் கரையில் சற்று நின்றுவிட்டு நாலு மணிக்கே திரும்பினேன். இப்பகுதியில் இரவில் யானை வீதிக்கு இறங்கும். தூரத்தில் கண்டால் நின்றுவிட வேண்டும். ஹோர்ன் அடிப்பதோ, விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதோ, பக்கத்தால் முந்திப் போவதோ கூடாது. யானையை விடவும் அதிகம் விழுத்துபவை மாடுகள். இரவில் தார்ச் சூட்டுக்கு நடு வீதியில் படுத்திருக்கும் கருப்பு மாடு, கிட்டப் போகும் வரை தெரியாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். கண்டு, பிரேக் பிடிக்கக் கை போகுமுன்பே மாட்டடியில் நிற்போம். இரவில் மெதுவாகப் போவது ஒன்றே மருந்து. சைக்கிளில் போவோர் பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பான் பூட்டுங்கள். விடியுமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நடந்து போகும் பிள்ளைகள் வெளிர் நிற உடுப்போடு, வீதியின் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடவுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் தூக்கி மடித்து ஓட்டோவில் ஏற்றாதீர்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டிருந்தால் அந்தத் தூக்கலே நிரந்தரமாகப் படுக்க வைத்துவிடும். 1990 இலக்கத்திற்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். பொலிஸுக்கு 119. இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து போனவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள். எமது நாட்டிலும் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை வீதி பலிகொள்கின்றது. பால் கானோடும் மரக்கறிக் கூடையோடும் வலையிறவைக் கடக்கும் எம்மவர்களும் அந்த வீதிப் பயணிகளே.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பாலத்தடிக்கு வந்தேன். எறிவலை வீசியோர் கரையேறிக்கொண்டிருந்தனர். வழக்கம் போல வெயில் என் முதுகில். எதிரே வீடு திரும்புவோரின் முகமெல்லாம் பொன் நிறம், கண்ணெல்லாம் சுருக்கம். அவர்களுக்கு நான் தெரிகின்றேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆகவே முன் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடப்பக்க ஓரமாக ஒதுங்கினேன். இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான் செய்கின்றேன்.

யுத்தம் எம்மிடம் கேட்டு வரவில்லை. அதைத் தடுக்க எம்மால் முடியவுமில்லை. ஆனால் தாடைப் பட்டியைப் பூட்டுவது, இருட்டுமுன் புறப்படுவது, குடித்தவர் பின்னால் ஏறாதிருக்க வழி தேடி வைப்பது என்பன எமது கைகளில் உள்ளவை. இத்தனை இழப்புக்களைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்த நாங்கள், ஒரு நாளின் அவசரத்திற்காக வீதியில் அதை விட்டுவிடக் கூடாது. படலையில் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கின்றது.