முழங்காலுக்குள் வைத்த வெள்ளைக் குருணை



சார் நன்றாக இருக்கிறார். கைத்தடி இல்லாமல் காலையில் பால் வாங்கப் போய் வருகிறார். போனிலும் நேரிலும் விசாரித்த எல்லாருக்கும் நன்றி. விசாரித்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "காலுக்குள்ள ஏதோ பவுடர் வெச்சு அடைச்சாங்களாமே டீச்சர், அது என்னது? உள்ளயே கெடந்தா ஒண்ணும் பண்ணாதா?" எங்கள் அத்தை ஒருவர் "சிமெண்ட் பூசிட்டாங்களாம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் அறிவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கமாகியிருக்கும்.

போன வருடம் மழையில் வண்டி சறுக்கி விழுந்ததில், சாருக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் மேல்தட்டு உள்வாங்கிவிட்டது. பணியாரத்தை விரலால் அழுத்தினால் குழிவது போல. எலும்பின் உச்சிப் பகுதி உள்ளே ஸ்பாஞ்சு மாதிரிதான் இருக்கும். அழுந்தினால் அந்தச் சின்னச் சின்ன அறைகள் நொறுங்கிவிடும். டாக்டர் கீழேயிருந்து நெம்பி மேல்தட்டைப் பழைய மட்டத்துக்குத் தூக்கிவிடலாம் என்றார். தூக்கினால் அதற்கு அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வெற்றிடம் விழும். அதை அப்படியே விட்டால் தட்டு மறுபடி அமுங்கும்.

அடைக்க இரண்டு வழி சொன்னார். ஒன்று, சாருடைய இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பது. இன்னொன்று, ஆலையில் செய்த கால்சியம் பாஸ்பேட் குருணை. முதல் வழிக்குக் காசு இல்லை, ஆனால் இன்னொரு இடத்தில் வெட்டு. சாருக்கோ சர்க்கரை வியாதி. புண் ஒன்றா இரண்டா என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். இரண்டாவது வழிக்குக் காப்பீட்டில் பணம் வராது, கையிலிருந்து கட்ட வேண்டும். மாலைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள். அதற்குள் உறவுகளின் போன்கள். புத்தூர் கட்டுப் போடலாம் என்று ஒருவர், பிரண்டைத் துவையல் போதும் என்று ஒருவர். பிரண்டைத் துவையல் சாப்பிட எனக்கும் பிடிக்கும். அமுங்கிய எலும்பைத் தூக்கி நிறுத்த அதற்குக் கை கிடையாது.

நான் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் குருணை உள்ளேயே தங்கிவிடுமா, கரைந்துவிடுமா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்.

ஏன் அதைக் கேட்டேன் என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் நாம் செய்த சோதனை நினைவிருக்கிறதா? கோழிக்கால் எலும்பை ஒரு வாரம் வினிகரில் ஊறப் போட்டோம். வெளியே எடுத்தால் ரப்பர் மாதிரி வளைந்தது. இன்னொன்றை அடுப்பு நெருப்பில் சுட்டோம். அது உருவம் மாறாமல் வெளுத்தது, தொட்டால் பொடிந்தது. வினிகர் தாது உப்பைக் கரைத்துவிட்டு கொலாஜன் என்ற புரதத்தை மட்டும் மிச்சம் வைத்தது. நெருப்பு புரதத்தை எரித்துவிட்டுத் தாதுவை மட்டும் விட்டது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தத் தாதுதான். அதன் பெயர் அபடைட். 1786இல் வெர்னர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர், கிரேக்க மொழியில் ஏமாற்றுவது என்று பொருள். பார்ப்பவர்கள் வேறு மணிக்கல் என்று நினைத்து ஏமாந்ததால் அந்தப் பெயர். நம் உடம்பில் இருப்பது அதன் உறவு, ஹைட்ராக்சி அபடைட். பத்துக் கால்சியத்துக்கு ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சைடு. ஆனால் எலும்பில் அது சுத்தமாக இருப்பதில்லை. கார்பனேட், மெக்னீசியம், சோடியம் எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கலப்படம்தான் நமக்கு நல்லது, ஏனென்றால் அதனால்தான் உடம்பு வேண்டும்போது அதைக் கரைத்துக் கொள்ள முடிகிறது.

எலும்பு என்றால் கட்டி முடித்த சுவர் என்று நினைக்காதீர்கள். அதற்குள்ளே ஒரு கூட்டம் செல்கள் அமிலம் விட்டுப் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். பின்னாலேயே இன்னொரு கூட்டம் புதிது கட்டிக்கொண்டே வரும். எனக்கும் உங்களுக்கும் இப்போதும் இது நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வைக்கும் பொருள், இந்தக் கரைப்பவர்களுக்குக் கரையக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவும் சரியான வேகத்தில்.

அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கத்தான் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1892இல் டிரீஸ்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் எலும்பில் விழுந்த குழிகளைப் பாரிஸ் சாந்தால் அடைத்தார். பாரிஸ் சாந்து என்றால் வேறு ஒன்றுமில்லை, நம் சாக்பீஸ் செய்கிற பொருள். முப்பத்தைந்து வருடம் கையில் பிடித்த சாக்பீஸுக்கு இப்படி ஒரு சரித்திரம் இருப்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது! அதில் குறை என்னவென்றால், சில வாரங்களிலேயே கரைந்துவிடும். எலும்பு அவ்வளவு சீக்கிரம் வளராது. வீட்டுக் கூரைக்கு கான்கிரீட் போட்டு மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் என்ன ஆகும்?

1920இல் ஆல்பி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் முயல்களின் எலும்பில் கால்சியம் பாஸ்பேட்டை வைத்துப் பார்த்து, எலும்பு சீக்கிரம் சேர்வதாக எழுதினார். பிறகு வெகுகாலம் அந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை. 1970களில்தான் பல நாடுகளில் ஒரே சமயத்தில் வேகம் பிடித்தது. எனக்குப் பிடித்தது 1974இல் வந்த பவளக் கதை. அமெரிக்காவில் டெல்லா ராய் என்ற விஞ்ஞானி, சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் சேர்ந்து, கடல் பவளத்தைப் பாஸ்பேட் கரைசலில் போட்டு அதிக அழுத்தத்தில் வேகவைத்தார். பவளம் என்பது கால்சியம் கார்பனேட், நம் கிளிஞ்சல் சுண்ணாம்பின் ஜாதி. வெந்து வந்தபோது அது ஹைட்ராக்சி அபடைட்டாக மாறியிருந்தது, ஆனால் பவளத்தின் துளைகள் அப்படியே இருந்தன. அந்தத் துளைகள்தான் முக்கியம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது அகலம் இருந்தால்தான் ரத்தக்குழாயும் எலும்பும் உள்ளே நுழைந்து வளர வசதியாக இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் முக்கியம். சூளையில் சுட்ட ஹைட்ராக்சி அபடைட் கெட்டி ஆசாமி, வருடக்கணக்கில் அசையாது. டிரை கால்சியம் பாஸ்பேட் என்பது மாதக்கணக்கில் கரையும், ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் போய்விடும். இரண்டையும் கலந்து வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். சாருக்கு வைத்தது இரண்டாவது வகை. பார்க்க அரிசிக் குருணை போலவே இருந்தது.

அத்தை சொன்ன சிமெண்டும் பொய் இல்லை. 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற இருவர், இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகளை நீரில் குழைத்தால் உடம்புச் சூட்டிலேயே இறுகி ஹைட்ராக்சி அபடைட் ஆகிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். 1996இல் அங்கே மண்டையோட்டுக் குழிகளை அடைக்க அதற்கு அனுமதி கிடைத்தது. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இப்படி ஒரு சிமெண்டை உருவாக்கியிருக்கிறார்கள். இதய வால்வு செய்தார்களே, அதே நிறுவனம். ஆனால் மூட்டு மாற்று அறுவையில் போடும் சிமெண்ட் வேறு. அது அக்ரிலிக் பிளாஸ்டிக், கரையவே கரையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது எல்லாரும் சொல்லும் நானோவுக்கு வருகிறேன். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். எலும்புக்குள் இருக்கும் அபடைட் தகடு ஒன்றின் நீளம் 50 நானோமீட்டர் அளவு, தடிமன் இரண்டு முதல் நான்குதான். அதாவது நானோப் பொருளை விஞ்ஞானிகள் செய்வதற்கு முன்பே நம் எலும்பு செய்துகொண்டிருக்கிறது. ஒரு சிறு கணக்கு போடுவோம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். ஏறக்குறைய 15 சென்ட் நிலம், ஒரு சுண்டுவிரல் நுனி அளவுப் பொருளில்! அவ்வளவு பரப்பிலும் புரதங்கள் ஒட்டும், செல்கள் கால் ஊன்றும், அமிலம் பட்டால் சீக்கிரம் கரையும். அதனால்தான் நானோ அளவில் செய்த அபடைட்டைப் பசையாகவும், கொலாஜனோடு சேர்த்துப் பஞ்சு போலவும் செய்கிறார்கள். எலும்பில் சீழ் பிடித்தவர்களுக்கு மருந்தை அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட இதன்மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் பிள்ளைகள் யாராவது அங்கே போனால் எனக்குப் பெருமை.

ஆனால் நானோ என்றதும் இரும்பு என்று நினைக்கக் கூடாது. இது பீங்கான் ஜாதி. அமுக்கினால் ஓரளவு தாங்கும், முறுக்கினால் உடையும். சாருக்குப் பாரத்தைத் தாங்கியது ஸ்டீல் தகடும் திருகுகளும்தான். பத்து வாரம் காலை ஊன்றவே விடவில்லை. பிடிவாதக்காரரைக் கட்டிலில் வைத்திருந்த அந்தப் பத்து வாரத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம்.

இவ்வளவு எழுதக் காரணம் ஒரு மாணவியின் போன். பெயர் வேண்டாம். அவள் அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, ஒன்பது மாதம் ஆகியும் சேரவில்லை. மறுபடி திறந்து, இடுப்பெலும்பு எடுத்து வைக்கப் போவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். "நம்ம சாருக்கு வெச்ச மாதிரி பவுடர் வையுங்கன்னு கேட்டேன் டீச்சர், முடியாதுங்கறார். நானோ பவுடர்னு வீடியோவுல பார்த்தேன். பணம் ரெடி பண்ணிட்டேன். வேற ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?" என்று அழுதாள். அம்மாவை இன்னொரு இடத்திலும் வெட்டுகிறார்களே என்ற வேதனை அவளுக்கு.

அவளுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்கிறேன். சாருக்கு இருந்தது நல்ல ரத்த ஓட்டம் உள்ள ஸ்பாஞ்சு எலும்பில் ஒரு குழி. சுற்றிலும் எலும்பு கட்டும் செல்கள் தயாராக இருந்தன. அவர்களுக்கு ஏறி வர ஒரு சாரம் மட்டும் தேவைப்பட்டது. உன் அம்மாவுக்கோ ஒன்பது மாதமாக அந்த இடத்தில் வேலையே நடக்கவில்லை. செங்கல்லும் மணலும் இறக்கிவைத்தால் போதுமா, கொத்தனார் வர வேண்டாமா? இடுப்பெலும்பில் உயிருள்ள செல்களும் இருக்கின்றன, மற்ற செல்களைக் கூப்பிடும் புரதங்களும் இருக்கின்றன. குருணையில் இரண்டும் கிடையாது. இடுப்பில் சில மாதம் வலி இருக்கலாம், உண்மைதான். ஆனால் உன் டாக்டர் காசு அதிகம் ஆகாத வழியைத்தான் சொல்கிறார், அதுவே சரியான வழியும்கூட. எடுத்த எலும்பு போதாவிட்டால் குருணையைக் கூடக் கலந்துகொள்வார்களா என்று வேண்டுமானால் கேள். சேராததற்கு என்ன காரணம், கிருமி இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு என்று கேள். வீட்டில் யாராவது புகைத்தால் அம்மா பக்கத்தில் வேண்டாம் என்று சொல்.

மூன்று நாள் கழித்து, அதே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.

பல் கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாடையில் வைக்கும் எலும்புப் பொடிகளில் மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்ததும் உண்டு. மருத்துவத்தில் அது நீண்ட நாளாகப் பயன்படுவதுதான். ஆனால் உங்கள் வீட்டில் அது மனக்கஷ்டம் தரும் என்றால் முன்பே கேட்டுவிடுங்கள், ஆலையில் செய்ததும் கிடைக்கிறது. வைத்த பிறகு கேட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, நம் சொந்தத்தில் ஒருவர் எல்லா வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் "நானோ கால்சியம்" டப்பா. எலும்பு முறிவை ஒரே மாதத்தில் ஒட்டவைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. தம்பி, கோபித்துக்கொள்ளாதே. குழிக்குள் டாக்டர் வைக்கும் குருணையும் வாயில் போடும் பொடியும் ஒன்றல்ல. வயிற்று அமிலத்தில் கால்சியம் பாஸ்பேட் கரைந்துவிடும். அதன்பின் அது நானோவாக இருந்தால் என்ன, மோர்சாதத்தில் வந்தால் என்ன? பாலிலேயே கால்சியம் பாஸ்பேட் நானோ அளவுத் துணுக்குகளாகத்தான் இருக்கிறது, கேசின் புரதம் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. பிடிக்காவிட்டால் பால் மடியிலேயே கல்லாகிவிடும். நானோவில் வடிவமும் கவனிக்க வேண்டியது. பற்பசையில் சேர்க்கும் நானோ அபடைட் ஊசி வடிவில் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. உன் டப்பாவில் உள்ள துகள் என்ன வடிவம் என்று அட்டையில் எங்கே போட்டிருக்கிறது?

சாருக்கு வந்த இரண்டு டப்பாவும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ, பணத்தைத் திருப்பிக் கேள். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயையும் அப்போது காட்டுகிறேன். முதல் படத்தில் பளிச்சென்று தெரிந்த வெள்ளைக் குருணைகளின் ஓரம் இப்போது மங்கி, பக்கத்து எலும்போடு கலந்திருக்கிறது. எது குருணை, எது சாருடைய எலும்பு என்று டாக்டரே பேனா முனையை வைத்துக் காட்டினால்தான் தெரிகிறது.