இருபத்திரண்டு குழி

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடணும் என்று செல்போனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ட்ரிபிள் ஈ எடுக்கலாமா? அப்பா கம்ப்யூட்டர் சயின்சுதான்னு நிக்கிறாரு. நீ அதப் படிச்சவன்தான, சொல்லு."

முப்பது வருசத்துக்கு மேல் இந்தத் தொழிலில் கிடக்கிறேன். சட்டென்று பதில் வரவில்லை. 1988-இல் நான் விண்ணப்பத்தில் எலக்ட்ரிக்கல் என்று எழுதியபோது, இது உனக்கு ஒத்துவருமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், "டீச்சர் ட்ரெயினிங் போடா, ஒங்களுக்கு அது போதும்" என்றார். அந்த 'ஒங்களுக்கு' என்கிற வார்த்தைக்காகவே இன்சினீரிங் எழுதினேன். அதில் எலக்ட்ரிக்கல் ஏன் என்றால், எங்கள் ஊருக்கு சைக்கிளில் வருகிற லைன்மேனைப் பார்த்தால் பண்ணைக்காரரே திண்ணையை விட்டு எழுந்து நிற்பார். அவர் எழுந்து நிற்கிற ஒரே ஆள் லைன்மேன்தான். சின்னப் பையன் மனசில் அது பதிந்துபோயிருந்தது. லைன்மேனாக இன்சினீரிங் படிக்க வேண்டியதில்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது!

எங்கப்பா கம்பத்துக்குக் குழி வெட்டின ஆள். அறுபதுகளின் கடைசியில் ஊர்த்தெருவுக்கும் பம்புசெட்டுகளுக்கும் லைன் இழுத்தபோது காண்ட்ராக்டர்கிட்ட குழிக்கு இவ்வளவு என்று கூலி. அஞ்சடி ஆழம். "அஞ்சடிக்குக் கொறஞ்சா காத்துக்கு கம்பம் சாஞ்சிரும்" என்று அப்பா சொல்லும். பகலெல்லாம் கரண்டுக்குக் குழி வெட்டிவிட்டு ராத்திரி வந்து சிம்னி விளக்கில் சோறு தின்றவர்கள் எங்கள் சேரிக்காரர்கள். சேரிக்குக் கரண்டு வர மேலும் பத்து வருசமானது. 1979-இல் வந்தது. அதுக்கும் அப்பாதான் குழி வெட்டியது. ஊர் ட்ரான்ஸ்பார்மரிலிருந்து சேரியின் முதல் விளக்கு வரைக்கும் இருபத்திரண்டு குழி.

வந்த கரண்டு எப்படிப்பட்டது? பொழுது சாய்ந்தால் பல்புக்குள்ளே ஒரு செவப்புப் புழு நெளியும், அவ்வளவுதான். "எரியிற வெளக்கப் பாக்க இன்னொரு வெளக்குக் கொளுத்தணும்டா" என்று ஆயா சிரிக்கும். பின்னாலேயே, "நம்ம தெருவுக்கு வர்ற கரண்டு வேற எப்பிடி இருக்கும்?" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். மழை மாதிரி, வெயில் மாதிரி அதுவும் ஒன்று என்று.

கல்லூரியில் முதல் ரெண்டு வருசம் ஓடிப்போய்விடலாமா என்றுதான் இருந்தது. மின்னழுத்தம், மின்தடை என்று தமிழில் படித்துவிட்டுப் போனவன். இங்கிலீசில் அவர் பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவார். மின்காந்தப் புலம் பற்றிய பாடத்தில் ரெண்டு தடவை அரியர். 'கோட்டா' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னதைவிட லேப்பில் நடந்ததுதான் எனக்கு உறைத்தது. இண்டக்சன் மோட்டாருக்கு லோடு டெஸ்ட் செய்யும்போது பிரேக் டிரம் சூடேறும். ஒருத்தன் அதில் தண்ணி ஊற்றிக்கொண்டே இருக்கணும். மற்றவர்கள் அம்மீட்டர், வோல்ட்மீட்டர் பார்த்துக் குறிப்பார்கள். எங்கள் பேட்சில் எப்போதும் தண்ணி ஊற்றுகிறவன் நான். யாரும் என்னைப் போடா என்று சொல்லவில்லை. குடம் தானாக என் கைக்கு வந்துவிடும். ஊரில் எங்கள் கை பட்டால் அவர்கள் தண்ணி தீட்டு. இங்கே தண்ணி ஊற்ற மட்டும்தான் கை.

மூன்றாம் வருசம் மின்பகிர்மானம் நடத்தினார்கள். கம்பி நீள நீளத் தடை கூடும், வழியில் எத்தனை மோட்டார் இழுக்கிறதோ அத்தனைக்கு அழுத்தம் விழும், கடைசியில் இருக்கிறவனுக்கு மிச்சம்தான் போய்ச் சேரும் என்று ஒரு கணக்கு. மற்றவர்களுக்கு அது பத்து மார்க். எனக்கு எங்கள் தெரு. லீவுக்கு வந்தபோது அப்பாவைக் கேட்டேன். எத்தனை குழி, குழிக்குக் குழி எத்தனை தப்படி, நடுவில் யார் யார் மோட்டார் என்று அப்பா விரல் விட்டுச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சிம்னி வெளிச்சத்தில்தான் கணக்கைப் போட்டேன். 230 வோல்ட் கிளம்பினால் எங்கள் வீட்டுக்கு 150 வந்து சேர்ந்தால் பெரிசு. அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் குண்டு பல்பின் வெளிச்சத்தில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் போய்விடும். ஆயாவின் செவப்புப் புழு கணக்கிலேயே இருந்தது. தலையெழுத்து இல்லை. எவனோ ஒருத்தன் மேசையில் உட்கார்ந்து, ட்ரான்ஸ்பார்மர் இங்கே, சேரி கடைசியில் என்று கோடு போட்டிருக்கிறான். இன்னொருத்தன் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அன்று ராத்திரிதான் இந்தப் படிப்பு எனக்கு வேணும் என்று நான் முடிவு செய்தேன். சேர்ந்து மூன்று வருசம் கழித்து.

பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பது தெரியும். அப்போது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது, 1944-இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது அவர் காலத்தில்தான் என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்து பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது. நாலு வருசம் எலக்ட்ரிக்கல் படித்தேன், ஒரு வாத்தியார் வாயில் அந்தப் பெயர் வரவில்லை.

இதையெல்லாம் சொல்லி அவளை உசுப்பேற்றிவிட்டால் அது பொய்யாகிவிடும். வேலையில் என்ன நடந்தது என்பதும் இருக்கிறதே. ஒரு கிராமத்தில் சேரியை ஒட்டிப் புறம்போக்கில் ட்ரான்ஸ்பார்மர் வைக்க எஸ்டிமேட் போட்டேன். கணக்கில் ஒரு பிழை கிடையாது. மேலே போய்த் திரும்பி வரும்போது இடம் மாறியிருந்தது, ஒருத்தர் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில். கேட்டதற்கு, "ஒங்க ஆளுங்களுக்காகப் பண்றீங்களா?" என்றார்கள். இதுவரைக்கும் யார் ஆளுக்காகப் பண்ணினீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த மூன்று வருசம் ஸ்டோரில் பீங்கான் இன்சுலேட்டர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கம்பத்தில் ஏறுகிறவன் யார்? ஒப்பந்தக் கூலிக்கு வருகிற நம்ம பையன்கள். லைனை நிறுத்திவிட்டு ஏறுவான். எங்கோ ஒரு ஜெனரேட்டரிலிருந்து கரண்டு திரும்பி வரும். ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டியிருந்தால் பிழைப்பான். ஒருத்தன் அப்படிப் போனான். பதிவேட்டில் அவன் பெயரே இல்லை. அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நட்ட ஈட்டு மனுவை நான் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

அக்கா மகளுக்கு இதில் பாதியைச் சொன்னேன். கணக்கு பிடிக்குமா என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கணக்கில் மட்டும் பார்த்து நம்ப முடியணும். அது முடியாதவர்களுக்கு இந்தப் படிப்பு நரகம். படித்த நிறையப் பேர் கடைசியில் சாப்ட்வேருக்குத்தான் போகிறார்கள், உங்கப்பா சொல்வதும் தப்பில்லை என்றேன். கேட் தேர்வு எழுதினால் மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் சிலவற்றில் வழி உண்டு. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட்டுக்குச் சூரிய மின்நிலையம் வந்தது. அந்தப் பக்கமும் வேலை இருக்கிறது. பெண்பிள்ளையைச் சைட்டுக்கு அனுப்ப மாட்டோம், ஆபீசில் உட்காரு என்பார்கள்; அதற்கும் சண்டை போடணும்.

"நீ எடுன்னும் சொல்ல மாட்டேங்கிற, வேணாம்னும் சொல்ல மாட்டேங்கிற" என்று எழுந்து போனாள்.

இருட்டிவிட்டிருந்தது. அக்கா வீட்டு மின்விசிறி சோம்பிச் சோம்பிச் சுற்றியது. என் பையில் எப்போதும் கிடக்கிற மல்டிமீட்டரை எடுத்துவந்து, எங்கே வைக்கணும் என்று கேட்டாள். காட்டிக்கொடுத்தேன். பிளக்கில் வைத்துப் பார்த்தாள். 187.

"ஏன் மாமா இவ்ளோ கம்மி?"

அவள் நோட்டில் ஒரு கோடு போட்டேன். ஒரு முனையில் ட்ரான்ஸ்பார்மர், மறுமுனையில் அவள் வீடு. நடுவில் எத்தனை கம்பம் என்று கேட்டேன். தெரியவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஊர்ப்பக்கம் நடந்தாள். "இந்நேரத்துல எங்கடி போற?" என்று அக்கா வாசலில் நின்று கத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து போன் வந்தது.

"பதினாலு மாமா. வழியில மோட்டாரையும் எண்ணட்டுமா?"